தஃப்தரில் இல்லாத வரி

மார்ச் 4

அன்புள்ள சாச்சாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

வீட்டு முகவரிக்குப் பதில் போடாதீர்கள். போனிலும் கூப்பிட வேண்டாம். வேலை முடிந்து வந்ததும் என் போனை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்ப்பது என் கணவருக்கு வழக்கம். உறையின் பின்பக்கம் இருப்பது நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையின் முகவரி. ‘முதலாளியம்மா’ என்று மட்டும் எழுதினால் என் கைக்கு வந்துவிடும்.

கேட்பது ஒன்றுதான். நான்கு வருடத்துக்கு முன் உங்கள் ஊர்ப் பள்ளிவாசலில் என் நிக்காஹ் நடந்தபோது, தஃப்தரில் ஒரு வரி எழுதச் சொன்னேனே, நினைவிருக்கிறதா? ‘கணவர் கை நீட்டினால் விலகிக்கொள்ளும் அதிகாரம் மனைவிக்கு உண்டு.’ வாப்பா இல்லாததால் எனக்குப் பொறுப்பாளராக நின்றவர் நீங்கள். அந்தப் பெரிய பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு சாட்சிகளோடு பெண்கள் அறைக்கு வந்தீர்கள். “எழுதியாச்சும்மா, கையெழுத்துப் போடு” என்று சொன்னீர்கள். போட்டேன்.

அந்தப் பக்கத்தின் நகல் எனக்கு வேண்டும். எங்கள் பிரதியை அவர் பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறார்.

ஏப்ரல் ஆறாம் தேதி இங்குள்ள ஜமாஅத் கமிட்டி என் விஷயத்தை எடுக்கிறது. அந்த வரி இருந்தால் ஐந்து நிமிட வேலை என்கிறார் பெண்களுக்கு வகுப்பு நடத்தும் ஆலிமா. மார்ச் கடைசியில்தான் என் கணவருக்கு அறிவிப்புப் போகும். அதுவரை அவருக்கு ஒரு வார்த்தை தெரியக் கூடாது. தெரிந்தால் என்ன ஆகும் என்று எழுத எனக்கு நேரமில்லை. கடையில் ஆள் வந்துவிட்டது.

சாச்சிக்கு ஸலாம்.

உங்கள் மகள்

•

மார்ச் 8

கண்ணாடி சாம்ராஜ்யத்தின் பேரரசியும், என் அண்ணன் இந்த உலகத்துக்கு விட்டுச் சென்ற ஒரே பொக்கிஷமும் ஆகிய மகளுக்கு,

நூற்றுப் பத்தொன்பது லிஃப்ட்டுகளின் ஏகபோகத் தளபதி, முப்பது வருடமாக வானத்துக்கும் பூமிக்கும் நடுவே கம்பியில் ஊசலாடியும் இன்னும் மௌத்தாகாத மாவீரன், உன் சாச்சா எழுதுவது. வ அலைக்கும் ஸலாம், வண்டி வண்டியாக.

உன் கடிதம் வந்தபோது நான் பதினான்காம் மாடிக்கும் பதினைந்தாம் மாடிக்கும் நடுவில் ஒரு பெரிய மனிதரை மீட்டுக்கொண்டிருந்தேன். அவர் எடைக்கு இரண்டு லிஃப்ட் வேண்டும். மேல் கதவைத் திறந்து ஒரு கையால் தூக்கினேன் என்றால் நீ நம்பமாட்டாய். சரி, இரண்டு கையால்.

நகல்தானே? கேட்க வேண்டுமா? ஆனால் பார், பள்ளிவாசல் செயலாளர் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார். அலமாரிச் சாவி அவர் இடுப்பில். அந்தச் சாவியைப் பார்த்திருக்கிறாயா? அதை வைத்து ஒரு கோட்டையைத் திறக்கலாம். பூட்டோ, நூஹ் நபியின் கப்பலிலிருந்து கழற்றி வந்தது. உடைக்க வேண்டுமென்றால் ராணுவம் வர வேண்டும். அவர் வரட்டும், பார்த்துக்கொள்வோம்.

அதற்குள் உனக்கு என்னம்மா அவசரம்? ஒரே அலமாரியில் இருக்கிற ரெண்டு பாத்திரம் இடிக்காமலா இருக்கும்? மாப்பிள்ளை யார்? அந்தப் பெரிய தொழிற்சாலைக்குப் பாதுகாப்பு அதிகாரி. மூவாயிரம் பேர் தலையில் தொப்பி மாட்டிவிடுபவர். ஒருத்தன் சுண்டுவிரலில் கீறல் விழுந்தாலும் நாலு பக்கம் அறிக்கை எழுதுபவர். அவருக்கா காயம் என்றால் என்னவென்று தெரியாது?

எங்கள் பள்ளிவாசல் இமாம் ஹஜ்ரத்திடம் உன் பெயரைச் சொல்லாமல், மனைவியை அடிக்கலாமா என்று பொதுவாகக் கேட்டேன். “அனுமதி இருக்கு. ஆனா மிஸ்வாக் குச்சியால தொடுற மாதிரி. முகத்துல கூடாது, தழும்பு விழக் கூடாது” என்றார். மிஸ்வாக்! பல் தேய்க்கிற குச்சி! அதால் அடித்தால் கொசுவே சிரித்துச் சிரித்துச் செத்துப்போகும்.

பொறுமையாக இரு. சாச்சியிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கு ரத்த அழுத்தம்.

இப்படிக்கு,
மேலும் கீழும் ஆள்பவனாகிய உன் சாச்சா

•

மார்ச் 12

சாச்சா,

அஸ்ஸலாமு அலைக்கும்.

மற்ற நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். முதலாளியம்மா படித்துவிட்டுச் சிரித்தார். “யாருடி இது, சர்க்கஸ்ல இருக்காரா?” என்றார். நான் சிரிக்கவில்லை.

என் தொழிலில் ஒன்று கற்றுக்கொண்டேன். மூக்குக்கண்ணாடி மேல் உட்கார்ந்துவிட்டால் இரண்டு காலும் ஒரே அளவு விரியும். கீழே விழுந்தால் ஓரம் சிராய்க்கும். போட்டபடியே தூங்கினால் ஃபிரேம் முழுக்கக் கோணும். இடது கீல் மட்டும் உள்ளே மடங்கி, மூக்குத் தாங்கி வலப்பக்கம் தோலைக் கிழித்திருந்தால், அது ஒரு வலது கை. இந்த நான்கு வருடத்தில் அப்படி மடங்கிய கண்ணாடியோடு பதினொரு பெண்கள் என் மேசைக்கு வந்தார்கள். எல்லோரும் “கீழ விழுந்திருச்சு” என்றார்கள். நான் ஒன்றும் கேட்காமல் நிமிர்த்திக் கொடுத்தேன். என் ஃபிரேமை ஏழு தடவை நிமிர்த்தியிருக்கிறேன். ரிப்பேர் நோட்டில் ஏழு தடவையும் தேதி போட்டு, ‘இடது கீல்’ என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன்.

போன வருடம் நீங்கள் வந்திருந்தபோது என் கையில் கன்றியிருந்ததைப் பார்த்தீர்கள். “மேசைக்கும் உனக்கும் என்னம்மா பங்காளிச் சண்டை?” என்று கேட்டீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். அவரும்தான்.

அவர் கோபக்காரர் என்று நினைக்காதீர்கள். கோபம் வந்தால் அது போய்விடும் என்று காத்திருக்கலாம். இவர் கோபப்படுவதில்லை. தொழிற்சாலையில் சுவரில் ஒட்டுகிற விதிமுறை மாதிரி, ஒன்று, இரண்டு, மூன்று. “குர்ஆன்ல மூணு படி இருக்கு. முதல்ல எடுத்துச் சொல்லணும். சொன்னேன். அடுத்தது படுக்கையைப் பிரிக்கணும். பிரிச்சேன். மூணாவது படிக்கு நீயாத்தான் வந்து நிக்கிற” என்பார். கடைசி முறை எதற்கென்றால், அவரிடம் கேட்காமல் கடையில் கூடுதலாக ஒரு மணி நேரம் இருந்துவிட்டேன். முடிந்ததும் கை கால் கழுவி ஒளூச் செய்து தொழப் போனார். தவறு செய்த முகமே இல்லை சாச்சா. கடமையை முடித்த முகம்.

ஆலிமாவிடம் கேட்டேன், இவர் சொல்வது சரியா என்று. அவர் எதையும் மறைக்கவில்லை. “அந்த வசனம் அடிக்க அனுமதின்னு சொல்றவங்க இருக்காங்க. ஓங்குன கையைத் தடுக்கப் போட்ட வேலி, அதுவே கடைசி எல்லைன்னு சொல்றவங்களும் இருக்காங்க. அந்தச் சொல்லுக்கு அடின்னு பொருளே இல்லைன்னு சொல்றவங்களும் உண்டு. ஆனா எல்லாரும் ஒத்துக்கிற விஷயம் ஒண்ணு இருக்கு. நபி தன் வாழ்நாள்ல ஒரு பெண்ணையும் கை நீட்டி அடிச்சதில்ல. அடிபட்ட பெண்கள் அவங்க வீட்டு வாசல்ல வந்து நின்னப்ப, ‘அந்த ஆண்கள் உங்கள்ல நல்லவங்க இல்ல’ன்னுதான் சொன்னாங்க” என்றார்.

அந்தப் பெண்களுக்குப் போய் நிற்க ஒரு வாசல் இருந்தது. நான் உங்கள் வாசலில் வந்து நிற்கிறேன். சாவியைப் பற்றிக் கதை சொல்லாமல் நகலை அனுப்புங்கள்.

மகள்

•

மார்ச் 17

என் கண்மணிக்கு,

கேள், கேள்! உன் சாச்சா பள்ளிவாசலுக்குப் போனான். செயலாளர் வந்துவிட்டார். அலமாரி திறந்தது. உள்ளே என்ன பார்த்தோம்? வெள்ளம்! போன மழையில் கூரை ஒழுகி, உன் நிக்காஹ் நடந்த வருடத்துத் தஃப்தர் மட்டும் கஞ்சியாகக் கரைந்து கிடக்கிறது. எறும்புகள் அதில் நீச்சல் பழகிக்கொண்டிருந்தன. மணமகன்கள் எல்லாம் ஒரு பக்கம் ஒதுங்கி, மணமகள்கள் எல்லாம் இன்னொரு பக்கம் ஒதுங்கி... காய வைத்திருக்கிறோம். காயட்டும்.

நீ இவ்வளவு கலங்கி எழுதியதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. சரி, பெரியவன் நான் எதற்கு இருக்கிறேன் என்று மாப்பிள்ளைக்கு நானே போன் போட்டுவிட்டேன். பயப்படாதே! உன் கடிதத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. நயமாக, பட்டுத் துணியில் சுற்றிய பேச்சு. “மாப்ள, பிள்ளை ஏதோ தஃப்தர், வரி, கமிட்டின்னு குழம்பிக் கிடக்கு. அப்படி ஒரு வரியும் அதுல இல்ல, நீங்க மனசுல வெச்சுக்காதீங்க, நல்லபடியா நடத்துங்க” என்று சொன்னேன். அவரும் எவ்வளவு மரியாதையாகப் பேசினார் தெரியுமா! “சொன்னதுக்கு நன்றி மாமா” என்றார். இரண்டு தடவை சொன்னார். நல்ல மனிதன். விஷயம் முடிந்தது என்றே நினைக்கிறேன்.

நாலு நாள் இங்கே வந்து இருந்துவிட்டுப் போயேன். சாச்சி கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

இப்படிக்கு,
சமாதானத் தூதன், உன் சாச்சா

•

மார்ச் 22

இது என் கையெழுத்து இல்லை. நான் சொல்லச் சொல்ல முதலாளியம்மா எழுதுகிறார். என் வலது மணிக்கட்டு உடைந்து கட்டுப் போட்டிருக்கிறது.

நீங்கள் பேசிய அன்று மாலை அவர் என்னை நாற்காலியில் உட்கார வைத்தார். பீரோவைத் திறந்து நிக்காஹ் பிரதியை எடுத்து என் மடியில் வைத்தார். “படி” என்றார். படித்தேன். அவர் எனக்குக் கொடுத்த மஹர் தொகை இருந்தது. சாட்சிகள் இருந்தார்கள். உங்கள் கையெழுத்து, வால் சுழித்து, பக்கத்தில் பாதியை அடைத்துக்கொண்டு இருந்தது. ‘நிபந்தனைகள்’ என்ற கட்டத்தில் ஒரு கோடு மட்டும் கிழித்திருந்தது.

“உங்க சாச்சாவே சொல்லிட்டார். இப்ப எந்தக் கமிட்டிக்குப் போகப்போற?” என்று கேட்டார். எழுந்து கதவுப் பக்கம் போனேன். அதற்குப் பிறகு மணிக்கட்டு.

காலையில் அவர் வேலைக்குப் போனதும் கடைக்கு வந்துவிட்டேன். லென்ஸ் பெட்டிகள் அடுக்கியிருக்கும் மாடி அறையில் இருக்கிறேன். அவர் இரண்டு தடவை வந்து கீழே நின்றுவிட்டுப் போனார்.

மழை பெய்ததா சாச்சா? கூரை ஒழுகியதா? அந்த வரியை நீங்கள் எழுதவே இல்லையா? ஆமாம் இல்லை என்று மட்டும் எழுதுங்கள்.

(இவ்வளவும் அவள் சொன்னது. இனி என் கணக்கில் ஒரு வரி. ஐயா, நான் உங்களைப் பார்த்ததில்லை. உங்க முதல் கடிதத்தைப் படிச்சுச் சிரிச்சவ நான். அந்தச் சிரிப்பைத் திருப்பி எடுத்துக்கிறேன். - கடைக்காரி)

•

மார்ச் 25

மகளே,

எழுதவில்லை.

மழையும் இல்லை, எறும்பும் இல்லை. சாவி எப்போதும் ஆணியில்தான் தொங்குகிறது.

அன்று ஹஜ்ரத் கட்டத்தைக் காட்டி, “நிபந்தனை ஏதும் உண்டா?” என்று கேட்டார். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அத்தர் வாசனை. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். “நிபந்தனையா? எங்க பொண்ணு பேசுறதைக் கேட்டுக்கிட்டே இருக்கணும், அதைவிடப் பெரிய நிபந்தனை என்ன இருக்கு?” என்றேன். சபையே குலுங்கிச் சிரித்தது. ஹஜ்ரத் கோடு கிழித்தார். பிறகு பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு உன்னிடம் வந்தேன். அந்தக் கட்டத்தின் மேல் என் உள்ளங்கையை வைத்துக்கொண்டேன். நீ என் முகத்தைப் பார்த்தாயே தவிரத் தாளைப் பார்க்கவில்லை. இருபத்து மூன்று வயதுப் பெண், படித்த பெண், என்னை நம்பித் தாளைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டாய்.

அவர்கள் எழுந்து போய்விடுவார்களோ என்று பயந்தேன். தகப்பனில்லாத பிள்ளை, நல்ல இடம், கைநழுவக் கூடாது என்று பயந்தேன். இதுதான் காரணம்.

இப்போது கேள். நான் சரிசெய்துவிடுகிறேன். செயலாளர் என்னோடு படித்தவன். அந்தக் கோட்டுக்கு மேலே அரை விரல் இடம் இருக்கிறது. அதே நீல மை, அதே பட்டை நிப். தஃப்தரில் இருக்கிறது, அவர் பிரதியில் விட்டுப்போயிற்று என்று சொல்லிவிடலாம். நாற்பது வருடம் பொய் சொல்லியே வாழ்ந்தவன் நான். எல்லாம் ஒன்றுக்கும் உதவாத பொய். ஒரு பொய்யாவது ஒரு உயிருக்கு உதவட்டும். ஆறாம் தேதிக்குள் நகல் உன் கையில் இருக்கும். சரி என்று ஒரு வார்த்தை எழுது.

உன் கையையே நினைத்துக்கொண்டிருந்தேன். இன்று ஒரு லிஃப்ட்டிலும் ஏறவில்லை.

சாச்சா

•

மார்ச் 29

சாச்சா,

இடது கையால் எழுதுகிறேன். சின்னப் பிள்ளை எழுத்து மாதிரி இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேண்டாம். பொய் நகல் வேண்டாம். அவருக்குப் பேனா மை, தாள், தேதி எல்லாம் பார்க்கத் தெரியும். அது பொய் என்று ஆகிவிட்டால் என் மணிக்கட்டும் பொய், ரிப்பேர் நோட்டும் பொய், நானும் பொய். இவ்வளவு நாள் நான் ஒருத்திதான் இதில் பொய் சொல்லவில்லை. அதையும் எடுத்துவிடாதீர்கள்.

நீங்கள் வாருங்கள். கமிட்டியில் எழுந்து நின்று, நான் வரி கேட்டதையும் நீங்கள் மறைத்ததையும் சொல்லுங்கள். என் கையில் பார்த்த கன்றலைச் சொல்லுங்கள். மணப்பெண் ஒத்துக்கொண்டது ஒன்று, எழுதியது ஒன்று என்று பொறுப்பாளரே சொன்னால் அதற்கு எடை உண்டு என்கிறார் ஆலிமா. மஹரைத் திருப்பிக் கொடுத்து நானாக விலகும் குலாவுக்கும் என் கணவரின் சம்மதம் கேட்பார்கள். அவர் சம்மதிக்க மாட்டேன் என்று இப்போதே சொல்லிவிட்டார். அதனால் கமிட்டிதான் பிரித்துவைக்க வேண்டும். வேறு வழி எனக்கு இல்லை. திரும்பிப் போனால் நான் உயிரோடு இருப்பேன் என்று எனக்குத் தோன்றவில்லை. இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. மிகைப்படுத்துவது நம் வீட்டில் நீங்கள் மட்டும்தான்.

இன்னொன்று. நான் ஏன் அந்த வரியைக் கேட்டேன் என்று நீங்கள் ஒருநாளும் கேட்கவில்லை. எந்தப் பெண்ணும் கேட்காததைக் கல்யாணத்தன்று நான் ஏன் கேட்டேன்?

எனக்குப் பன்னிரண்டு வயது. உங்கள் வீட்டுக்கு வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. பள்ளியில் மத்தியானமே விட்டுவிட்டார்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளறையில் சத்தம். உங்கள் குரல், சாச்சியின் குரல், பிறகு குரல் இல்லாத சத்தம். செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு தெருமுனை வரை போய்விட்டு வந்தேன். திரும்பி வந்தபோது சாச்சி முக்காட்டை ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்தபடி, “பசிக்குதாம்மா?” என்று கேட்டார்கள். நீங்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு ஏதோ கதை சொல்லிச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தீர்கள்.

இதைக் கமிட்டியில் சொல்லச் சொல்லவில்லை. உங்களுக்குத் தெரியட்டும் என்று எழுதினேன்.

மகள்

•

ஏப்ரல் 2

மகளே,

உன் கடிதத்தை லிஃப்ட் மெஷின் அறையில் உட்கார்ந்து படித்தேன். மாடிக்கும் மேலே, மோட்டாரும் நானும் மட்டும் இருக்கும் அறை. மோட்டார் ஓடாத நேரத்தில் அங்கே ஒரு சத்தமும் இருக்காது.

போன கடிதத்தில் எழுதிய காரணம் உண்மை இல்லை. மாப்பிள்ளை வீட்டாரைப் பார்த்து நான் பயப்படவில்லை. நான் யாரைப் பார்த்துப் பயந்திருக்கிறேன்? நிபந்தனைகளை ஹஜ்ரத் உரக்கப் படிப்பார். ஒலிபெருக்கி பெண்கள் அறையிலும் இருந்தது. அங்கே கதவோரம் உன் சாச்சி நின்றாள். அடித்தால் போய்விடலாம் என்று ஒரு பெண்ணுக்கு எழுதிக் கொடுக்கலாம் என்பதை அவள் காதால் கேட்பாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. உனக்கான வரியை உன் சாச்சி கேட்கக் கூடாது என்று எழுத விடவில்லை. அவ்வளவுதான் நான்.

நேற்று சட்டையைத் துவைக்க எடுத்தவள் பையிலிருந்த உன் கடிதத்தைப் படித்துவிட்டாள். அழவில்லை. கடிதத்தை மடித்து என் முன்னால் வைத்தாள்.

“அவ அந்த வரியைக் கேக்கப்போறான்னு எனக்கு முன்னாடியே தெரியும். எங்கிட்டத்தான் எழுதிக் காட்டினா. ஒலிபெருக்கில எப்ப படிப்பாங்கன்னு காதைத் தீட்டிக்கிட்டு நின்னேன். படிக்கல. நீங்க தஃப்தரோட உள்ள வந்து கையை வெச்சு மறைச்சீங்களே, அதையும் பாத்தேன்” என்றாள்.

“பாத்தியா? அப்ப ஏன் சொல்லல?” என்றேன்.

“சொல்லியிருந்தா?” என்றாள்.

கடிதத்தை எடுத்துப் பிரித்தேன், மறுபடி மடித்தேன். 

“நான் வாயை மூடினதுக்கு அந்தப் பிள்ளை கை உடைஞ்சிருக்கு. ஆறாம் தேதி நானும் வர்றேன்” என்றாள். அதன் பிறகு என்னோடு பேசவில்லை.

வருகிறோம்.

சாச்சா

•

ஏப்ரல் 9

மகளே,

அஸ்ஸலாமு அலைக்கும்.

திரைக்கு அந்தப் பக்கம் நீயும் சாச்சியும் இருந்தீர்கள். காதில் விழுந்திருக்கும், கண்ணில் பட்டிருக்காது. ஆண்கள் பக்கம் நடந்ததை எழுதுகிறேன்.

கமிட்டித் தலைவர், அந்த மரக்கடைக்காரர், என் எதிரில். உங்கள் ஊர் ஹஜ்ரத் அவர் பக்கத்தில். மாப்பிள்ளை நேராக உட்கார்ந்து ஒரு கோப்பை மடியில் வைத்திருந்தார். அதில் தேதிவாரியாக எழுதியிருந்தார், மகளே. என்றைக்கு அறிவுரை, என்றைக்குப் படுக்கை பிரித்தது, என்றைக்கு மூன்றாவது. “நான் எல்லை மீறல. மணிக்கட்டு, கதவை அவங்களே வேகமா இழுத்ததால ஏற்பட்ட விபத்து” என்று படித்தார்.  அந்தக் கோப்பில் நான் உள்ளங்கையால் மறைத்த கோடும் இருந்தது. என் போன் பேச்சும் இருந்தது, நேரத்தோடு.

நான் எழுந்தேன். ஆயிரம் சபையில் பேசியிருக்கிறேன். அன்று கதை எதுவும் சேர்க்காமல் பேசினேன். வரியை மறைத்ததைச் சொன்னேன். கன்றலைப் பார்த்தும் சிரித்ததைச் சொன்னேன். நீ கேட்காததையும் சொல்லிவிட்டேன். “நானும் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, என் மனைவி மேல கை நீட்டியிருக்கேன். அந்தச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்ததாலதான் இந்தப் பிள்ளை அந்த வரியைக் கேட்டா” என்றேன்.

மரக்கடைக்காரர் சிரித்தார். “பொய் சொன்னதை ஒத்துக்கிறீங்க. அடிச்சதையும் ஒத்துக்கிறீங்க. மாப்பிள்ளை மேல குத்தம் சொல்ல வந்த சாட்சி நல்ல சாட்சிதான்!” என்றார். நாலு பேர் அவரோடு சேர்ந்து சிரித்தார்கள். மற்றவர்களைச் சிரிக்க வைத்தே பழகியவன். அன்றைக்குத்தான் அந்தச் சிரிப்பு எதிர்ப்பக்கத்திலிருந்து எப்படிக் கேட்கும் என்று தெரிந்தது.

ஹஜ்ரத் மட்டும் சிரிக்கவில்லை. தாடியைப் பிடித்துக்கொண்டே இருந்தார். ஆனாலும் தலைவர் சொன்னதற்குத் தலையாட்டினார். மூன்று மாதம் பொறுமை, அதுவரை நீ கணவர் வீட்டில் என்பது முடிவு. அப்போதுதான் திரைக்குப் பின்னாலிருந்து உன் குரல் வந்தது. “போக மாட்டேன். தூக்கிக்கிட்டுப் போனாலும் பொணமா, ஜனாஸாவாத்தான் போவேன்.” மாப்பிள்ளை பேனாவை எடுத்து அதையும் குறித்துக்கொண்டார்.

உன்னை மீட்கத்தான் வந்தேன். உண்மையைச் சொன்னேன், அதுவும் உன்னைக் காப்பாற்றவில்லை. இனி என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

பேருந்து நிலையத்தில் இரண்டு சீட்டு வாங்கி வைத்துக்கொண்டு சாச்சிக்காக நின்றேன். முதலாளியம்மா வந்து, “அவங்க எங்ககூட இருக்காங்க, நீங்க கிளம்புங்க” என்றார். கிளம்பினேன். மூன்று நாளாக அடுப்பு பற்றவில்லை. வீட்டில் எந்தச் சாமான் எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது என்று தெரிந்துகொண்டேன். அவள் எப்போது வருவாள்? மாத்திரையை எடுத்துக்கொண்டு போகவில்லையே, அங்கே கிடைக்கிறதா?

சாச்சா

•

ஏப்ரல் 13

சாச்சா,

வ அலைக்கும் ஸலாம்.

மாத்திரை வாங்கிவிட்டோம். சாச்சி நன்றாகத் தூங்குகிறார்கள். லென்ஸ் பெட்டிகளை ஓரம் தள்ளி இரண்டு பாய் போட்டிருக்கிறோம். அவர் இன்னும் வந்து நிற்கிறார். எதிர்ச் சாரியில், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி. அவர் போகும்வரை நான் மாடிப்படி இறங்குவதில்லை.

முந்தாநாள் எங்கள் ஊர் ஹஜ்ரத் கடைக்கு வந்தார். தனியாக. ரிப்பேர் நோட்டைப் பார்க்க வேண்டும் என்றார். முதலாளியம்மா எடுத்துக் கொடுத்தார். ஏழு பக்கத்தையும் பார்த்தார். என் பழைய ஃபிரேமைக் கேட்டு வாங்கி அந்தக் கீலை விரலால் மடக்கிப் பார்த்தார். மடங்கவில்லை. இரண்டு கையாலும் முயற்சி செய்தார்.

“லேசா அடிக்கலாம்னு முப்பது வருஷமா நான் மேடையில சொல்லிக்கிட்டு இருக்கேன்மா” என்றார். “கேக்குறவன் கை எவ்வளவு கனம்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“தெரியாதுன்னா ஏன் ஹஜ்ரத் சொன்னீங்க?” என்று கேட்டுவிட்டேன். நானா கேட்டேன் என்று எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது. அவர் ஃபிரேமை மேசை மேல் வைத்தார். வரி கேட்டதற்கு வேறு சாட்சி உண்டா என்று கேட்டார். சாச்சி மேலிருந்து இறங்கி வந்தார்கள். “நான் இருக்கேன். என் கண்ணால பாத்தேன்” என்றார்கள். இருபத்தேழாம் தேதி கமிட்டியை மறுபடி கூட்டுகிறார். தலைவர் ஒத்துக்கொள்ளவில்லையாம். ஒத்துக்கொள்ளாவிட்டால் தான் தனியாகவே என் பக்கம் தீர்ப்பு எழுதித் தருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். எழுதுவாரா என்று தெரியாது. அதை நம்பித்தான் மூச்சு விடுகிறேன்.

சாச்சி எப்போது வருவார்கள் என்று கேட்டீர்கள். அவர்களிடம் படித்துக் காட்டினேன். கமிட்டியில் நடந்ததை நீங்கள் எழுதிய இடத்தை மட்டும் மறுபடி படிக்கச் சொன்னார்கள். ‘ஒரு தடவை, ஒரே ஒரு தடவை’ என்ற இடத்தை. இரண்டாம் தடவை படித்ததும், “ஒரு தடவை இல்லம்மா” என்றார்கள்.

வாழ்நாள் முழுக்க எதையும் நூறு மடங்காக்கித்தான் சொல்லியிருக்கிறீர்கள் சாச்சா. ஒன்றை மட்டும் குறைத்துச் சொல்லியிருக்கிறீர்கள்.

இருபத்தேழாம் தேதி சாச்சி எல்லாவற்றையும் சொல்லப்போகிறார்கள். தஃப்தரின் மேல் நீங்கள் கை வைத்ததை, அதற்கு முந்தியதை, எத்தனை தடவை என்பதை. திரை போடக் கூடாது என்று ஹஜ்ரத்திடம் கேட்டிருக்கிறார்கள். நீங்களும் வர வேண்டும் என்கிறார்கள். முன் வரிசையில் உட்கார வேண்டுமாம். நடுவில் எழுந்து போகக் கூடாதாம். ஒன்றும் பேசவும் கூடாதாம்.

வருவீர்களா?

மகள்

•

ஏப்ரல் 16

மகளே,

வருகிறேன். முன் வரிசையில் உட்காருகிறேன். எழுந்து போக மாட்டேன்.

எனக்கு நினைவிருப்பது ஒன்பது தடவை. உன் சாச்சி வேறு எண்ணிக்கை சொன்னால், அவள் சொல்வதுதான் சரி.